நீரோவின் செம்பா, ஹாட்ரியனின் வெள்ளியா?

ரோமப் பேரரசர் ஒருவரின் வாழ்க்கையை அவர் வெளியிட்ட நாணயங்களிலேயே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது இரண்டு பேர் என் முன்னால் நின்றார்கள்: நீரோ (கி.பி. 54–68), ஹாட்ரியன் (கி.பி. 117–138). முதலில் நீரோவை வாங்கினேன். இப்போது ஹாட்ரியனை மட்டுமே சேர்க்கிறேன்.

கதைச் சுவையில் நீரோவை மிஞ்ச ஆளில்லை. 54இல் வந்த பொன், வெள்ளி நாணயங்களில் பதினாறு வயது மன்னனும் தாய் அக்ரிப்பினாவும் எதிரெதிரே பார்த்திருக்கிறார்கள்; முகப்பைச் சுற்றி ஓடுபவை தாயின் பட்டங்கள். அடுத்த ஆண்டே மகனின் முகம் முன்னால் வந்து தாயின் முகத்தைப் பாதி மறைக்கிறது. பிறகு அவள் அவற்றில் இல்லை. 59இல் மகனே அவளைக் கொல்லச் செய்தான்.

அந்தத் தாய்–மகன் நாணயங்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. ரோம் நகருக்கான ஓஸ்டியா துறைமுகத்தைக் கப்பல்களோடு காட்டும் பெரிய பித்தளைக் காசும் அப்படித்தான். எளிதில் கிடைக்கும் நீரோவின் வெள்ளியிலோ பெரும்பாலும் ரோமரின் தலைமைக் கடவுளான ஜூப்பிடரோ நலத்தின் தேவதையான சாலுஸோ அமர்ந்திருப்பார்கள்; அவனுடைய வாழ்க்கை அதில் குறைவு. ஆகவே ‘ஆஸ்’ எனப்படும் செப்புக்காசு ஒன்றை வாங்கினேன். அதன் பின்புறத்தில் நீண்ட அங்கி அணிந்த உருவம் யாழ் மீட்டியபடி நடக்கிறது. பாடகன் கோலத்தில் தன்னை நாணயத்திலும் பொறித்துக்கொண்டவன் நீரோ என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருப்பது இந்த வகையைத்தான் என்பார்கள்.

எட்டு மாதம் கழித்து உறையைத் திறந்தேன். யாழின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தது. தேய்ந்த பித்தளைக் குடத்தில் படியும் களிம்பு என்று நினைத்துத் துடைத்தேன். அடியில் சின்னஞ்சிறு குழி. பத்து நாளில் மறுபடியும் அதே இடத்தில் பொடி. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் செம்பில் ஏறிய குளோரைடு உப்பு, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டு உலோகத்தைத் தின்னத் தொடங்குகிறது. வெண்கல நோய் என்பது இதுதான். காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தேன். நோய் அடங்கியது. ஆனால் யாழின் நரம்புகள் போய்விட்டன. வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில். மழைக்காலத்தில் அலமாரிக் கதவே ஊதிப் போய்விடும். இந்தக் காற்றில் செம்பை வைத்திருப்பது நோயாளியைப் பராமரிப்பது போலத்தான்.

வெள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை. கறுக்கும், அவ்வளவுதான், அந்தக் கருமையில் உருவங்கள் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஹாட்ரியனின் வாழ்க்கையோ அந்தச் சிறிய வெள்ளி தினாரியஸிலேயே அடங்கிவிடுகிறது. ஆட்சியின் பெரும்பகுதியை மாகாணங்களில் பயணம் செய்தே கழித்தவர் அவர். கடைசி ஆண்டுகளில் அந்தந்த நாட்டைப் பெண்ணுருவாக்கி நாணயத்தில் வைத்தார். என்னிடம் இருப்பது எகிப்து: 3.2 கிராம், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. கூடையில் முழங்கை ஊன்றிச் சாய்ந்திருக்கும் பெண். உயர்த்திய கையில் சிஸ்ட்ரம் என்ற கிலுகிலுப்பை. காலடியில் அரிவாள்மூக்கன் பறவை. பறவையின் வளைந்த அலகு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஹாட்ரியனின் அன்புக்குரிய இளைஞன் அன்டினோவஸ் 130இல் நைல் நதியில் மூழ்கி இறந்த நாடு இது என்று தெரிந்த பிறகு அந்தக் காசை நான் சாதாரணமாகக் கையில் எடுத்ததே இல்லை.

குறையும் உண்டு. 119இல் மூன்றாம் முறை கான்சல் (ரோமின் ஓராண்டு உயர்பதவி) ஆன ஹாட்ரியன் பிறகு அப்பதவியை ஏற்கவில்லை. அதன்பின் அவர் காசுகளில் எத்தனையாவது முறை கான்சல் என்பதற்கு அதே மூன்றுதான். ஆண்டை நிச்சயமாகச் சொல்ல முடியாது. வெள்ளிக் காசுகளில் செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய பழங்காலப் போலிகளும் உண்டு. எடையையும் விளிம்பையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. மறுவிற்பனை பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தகுதியில்லை. இரண்டே முறை விற்றிருக்கிறேன். இரண்டும் வெள்ளி, இரண்டும் வாங்கிய விலைக்கே போயின.

வறண்ட ஊரில் இருப்பவர், மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பார்க்கப் பொறுமை உள்ளவர் தாராளமாக நீரோவின் செம்புக்குப் போகலாம். நான் அடுத்து ஹிஸ்பானியாவை (இன்றைய ஸ்பெயின் பகுதி) காட்டும் காசைத் தேடுகிறேன்: ஹாட்ரியனின் குடும்பம் வாழ்ந்த மண், ஆலிவ் கிளை ஏந்திய பெண், பக்கத்தில் ஒரு முயல். முயலின் காது தேயாத காசாகக் கிடைக்க வேண்டும்.