நலவாரிய அட்டை என்று சொல்லி அம்மாவிடம் 6,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள், உங்கள் வீட்டிலும் ஒரு தடவை பாருங்கள்

நேற்று மதியம் தொழிலாளர் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா அழுதார். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. 6,500 ரூபாய் போனது ஒரு பக்கம். அதையாவது எப்படியும் சம்பாதித்துவிடலாம். ஆனால் அம்மாவுக்கு அறுபது வயது முடிந்துவிட்டது, இனி வீட்டு வேலை செய்பவர்களுக்கு அரசு நடத்தும் நலவாரியத்தில் அவரைச் சேர்க்கவே முடியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஆள் ஏழு மாதம் இழுத்தடித்தே அந்த வயதைக் கடத்திவிட்டான். நடந்ததை முதலில் சொல்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா மதுரையில் இருபத்து மூன்று வருடமாக வீட்டு வேலை செய்கிறார். இப்போது மூன்று வீடுகள். பெரிய வீட்டில் பாத்திரம், பெருக்கித் துடைப்பது எல்லாம் சேர்த்து மாதம் 2,500 ரூபாய். அந்த 6,500 ரூபாய்க்கு அந்த வீட்டில் இரண்டரை மாதத்துக்கு மேல் குனிந்து நிமிர வேண்டும். அப்பா இல்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்தால் பெரிது.

போன வருடம் தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் அம்மா போன் செய்தார். கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தர், நலவாரியத்தில் பதிந்தால் அறுபதுக்கு அப்புறம் மாதாமாதம் ஓய்வூதியம் வரும் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். தமிழ்நாட்டில் 1982-ல் வந்த உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ், வீட்டுப் பணியாளர்களுக்கு என்றே 2007-லிருந்து தனி நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, கண்ணாடி வாங்க என்று உதவி உண்டு. இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. அத்தனை வருடமாக இருக்கும் வாரியத்தைப் பற்றி அம்மா வேலை செய்த ஒரு வீட்டில்கூட யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றபோது தெரிந்திருந்தால் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வேலை செய்கிறார் என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்று அந்த அக்கா சொன்னதால், அம்மா இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில், "எங்க பேரு எதுக்கு, விடு" என்றார்கள். இன்னொரு வீட்டில், கையெழுத்துப் போட்டால் நாளைக்கு பி.எஃப். கட்டு என்று ஆள் வரும் என்று பயந்தார்கள். அப்படி எதுவும் கிடையாது. இந்த வாரியத்துக்கு வீட்டுக்காரர்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்று நேற்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு கையெழுத்து கிடைத்திருந்தால் அம்மா அந்தக் கடைப் பக்கமே போயிருக்க மாட்டார்.

கடை, எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்லைன் சேவைக் கடை. ஜெராக்ஸும் எடுப்பார்கள். பெயர் போடவில்லை. ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறேன், அது முதலில் முடியட்டும். வாசல் பலகையில் கோபுரப் படம் போட்டு, கீழே "நலவாரியப் பதிவு, ஓய்வூதியம், ஆதார், பான்" என்று எழுதியிருக்கும். கோபுரத்தைப் பார்த்ததும் அது அரசாங்க இடம் என்றே அம்மா நினைத்துவிட்டார்.

அம்மா எப்படி நம்பினார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆதாரில் இருந்த போன் நம்பர் அப்பாவுடைய பழைய நம்பர். அது எப்போதோ போய்விட்டது. ஓடிபி வராது, ரேகை வைக்க வேண்டும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். அம்மாவின் விரல் எதுவும் மெஷினில் விழவில்லை. வருடக்கணக்கில் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் சோப்புத் தண்ணீரும் தின்ற விரல்கள், நுனியெல்லாம் வெடித்து வழவழவென்று இருக்கும். பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறான். ஈரத்துணியில் துடைக்கச் சொன்னான், தலையில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னான். கடைசியில் இடது கை மோதிர விரலுக்கு விளக்கு எரிந்திருக்கிறது. அப்போது அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, உழைச்சு உழைச்சு கை இப்படி ஆயிடுச்சே. உங்களுக்கு இல்லாம யாருக்கு பென்ஷன்? நான் வாங்கித் தர்றேன்" என்றிருக்கிறான்.

அந்த வார்த்தையில் அம்மா விழுந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குப் போனில், "தங்கமான புள்ளடி" என்று என்னிடம் சொன்னார்.

ஆதாரில் அம்மாவின் பிறந்த தேதி ஜூன் 1. பள்ளிக்கூடம் போகாதவர், யாரோ எப்போதோ போட்ட தேதி. "அறுபதுக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு மேல இருக்கு, தாராளம்" என்றிருக்கிறான். வயது வரம்பு அவனுக்கு அன்றைக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதல் நாளே பதிவுக்கு என்று 1,500 வாங்கினான். மூன்று வீட்டிலும் கொடுத்த தீபாவளிப் பணம் அது. அடுத்த வாரம், வேலைச் சான்றில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று 2,000. ரேகை சரியாக விழவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று 500. ஏப்ரலில் ஓய்வூதிய விண்ணப்பத்தை இப்போதே போட்டு வைத்தால் ஜூலையிலேயே பணம் ஏறிவிடும் என்று 2,500. மொத்தம் 6,500. கடைசி 2,500-ஐ மட்டும் நான் ஜிபேயில் போட்டேன், அதுவும் வேறொரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு. மீதி எல்லாம் கையில் கொடுத்த காசு. ஒரு ரசீது கிடையாது.

நடுவில் எத்தனை தடவை அலைந்தார் தெரியுமா? டிசம்பரில் சர்வர் வேலை செய்யவில்லை. பொங்கலுக்கு அப்புறம் ஆபீசரை மாற்றிவிட்டார்கள். பிப்ரவரியில் அவன் ஊரில் இல்லை. மார்ச்சில் ஒரு வழியாக லேமினேட் செய்த அட்டை ஒன்றைக் கொடுத்தான். அம்மா அதை மஞ்சள் பையில் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா போட்டோ, தொழிலாளர் அமைச்சகம் என்ற பெயர், ஒரு பெரிய நம்பர். பார்த்துவிட்டு, சரி வந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். ஷிப்டு முடிந்து வந்த அசதி. அன்றைக்கு அந்தப் படத்தை விரித்து முழுதாகப் படித்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் கையில் இருந்திருக்கும்.

நேற்று லீவில் வந்தவள், ஓய்வூதியம் எப்போது வரும் என்று கேட்கலாமே என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று இருக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நலவாரிய அட்டை இல்லம்மா, இ-ஷ்ரம் கார்டு" என்றார். ஆதார் நம்பரைப் போட்டுத் தேடினார். வாரியத்தில் அம்மா பெயரே இல்லை. விண்ணப்பம்கூடப் போடவில்லை.

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாரா தொழிலாளர்களின் விவரத்தைச் சேர்க்க மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய பதிவு. 12 இலக்க நம்பர் தருவார்கள், புதிதாகப் பதிய காசே கிடையாது. அந்தக் கார்டு இருப்பதாலேயே மாதாமாதம் ஓய்வூதியம் வராது. நலவாரியம் மாநில அரசுடையது, அது வேறு, இது வேறு. நலவாரியத்தில் பதியவும் கட்டணம் இல்லை. இரண்டுமே இலவசம், அதற்குத்தான் 6,500 ரூபாய். அதிலும் அந்தக் கார்டில் தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று போட்டிருக்கிறான். அம்மா வயலில் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

இப்போதாவது பதியுங்கள் என்று கேட்டேன். 18 வயது முடிந்து 60 வயதுக்குள் இருந்தால்தான் சேர முடியும் என்றார். "நவம்பர்ல நேரா இங்க வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கு வேறு நிபந்தனைகள் இருக்கின்றன, கிடைக்குமா என்று தெரியாது.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனோம். அந்த ஆள் தலையை நிமிர்த்தாமல், "இதுவும் லேபர் கார்டுதான்" என்றான். நலவாரியம் என்று சொல்லித்தானே வாங்கினாய் என்றால், "நான் அப்படிச் சொல்லவே இல்ல, அம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்கிறான். வாசலில் பலகை தொங்குகிறது, அதைக் காட்டினால் பதில் இல்லை. 6,500-ஐத் திருப்பிக் கொடு என்றேன். "சர்வீஸ் சார்ஜ், பில் இருந்தா கொண்டு வாங்க." ஜிபே ரசீதைக் காட்டினேன். "அது என் அக்கவுண்ட் இல்ல, அவங்ககிட்ட கேளுங்க." அம்மா குறுக்கே வந்து, "தம்பி, அந்தக் கையெழுத்துக்குக் கொடுத்த ரெண்டாயிரமாவது குடுப்பா" என்று கெஞ்சினார். பெரியம்மா என்று கையைப் பிடித்தவன், "இந்தாம்மா, கஸ்டமர் நிக்கிறாங்க, வழிய விடுங்க" என்றான். சாயங்காலம் போன் செய்தால் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

அங்கே வரிசையில் நின்ற இன்னொரு அம்மாவும் வீட்டு வேலை செய்பவர்தான். கையில் ஆதார் ஜெராக்ஸும் மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டும். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நம்பலாமா, அவனை நம்பலாமா என்று முழித்தார். கடைசியில் என்ன செய்தாரோ தெரியவில்லை. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதுகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள், கிளம்ப வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பதிவுக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள், அங்கே யாரும் விரட்டவில்லை. உங்கள் அம்மா, அத்தை யாரிடமாவது அட்டை இருந்தால் இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். இ-ஷ்ரம் என்று இருந்தால் அது நலவாரியம் இல்லை. சரியான அட்டையாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியையும் பாருங்கள். மாதம் 3,000 வரும் என்று யாராவது சொன்னால், அது 18-லிருந்து 40 வயதுக்குள் சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கான வேறு திட்டம். ஐம்பது தாண்டியவர்களுக்கு அதைச் சொல்கிறவன் ஏமாற்றுகிறான். காசு கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீது இல்லாமல் நகராதீர்கள், கடைப் பலகையைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான் நேற்று எடுக்காமல் வந்துவிட்டேன், இன்று காலையில் போய்ப் பார்த்தால் நலவாரியம் என்ற வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறான்.

வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், அவர் ஒரு கடிதம் கேட்டால் தயவுசெய்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

58, 59 வயதில் யாராவது இருந்தால், நாள் பார்க்காமல் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஆதாரில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறேன். கம்பெனியில் இன்னும் நான்கு நாள் லீவு சொல்லியாச்சு.