சேலம் அலுவலகங்களின் மெயில் சர்வருக்கு டிஆர்பிடி 9: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரமானாலும் ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலையானாலும், மெயில் நின்றுவிடக் கூடாது என்று இரண்டு சர்வர் கேட்டால், கூடவே ஒரு ஐஸ்கசி ஸ்டோரேஜ் பெட்டிக்கும் (இரண்டு சர்வரும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க் பெட்டி) கொட்டேஷன் வரும். அந்தப் பெட்டி படுத்தால் இரண்டு சர்வரும் சும்மா நிற்கும். வியன்னாவின் லின்பிட் நிறுவனம் உருவாக்கிய டிஆர்பிடி என்ற மென்பொருளுக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. ஒரு சர்வரின் டிஸ்கில் எழுதுவதை நெட்வொர்க் வழியாக மற்றதிலும் எழுதிவிடும். ஜிபிஎல் உரிமம், காசு இல்லை. இருநூறு மெயில்பாக்ஸ் வரை உள்ள அலுவலகத்துக்கு இதுவே சரியான தேர்வு. ஆனால் மூன்றாவது கணினி வைக்க மனமில்லை என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்கைப் பங்கிடும் கருவி) வால்யூம் வெட்டுங்கள். ஒவ்வொரு டெராபைட்டுக்கும் சுமார் 32 எம்பி, டிஆர்பிடி தன் கணக்குக்கு வைக்கும் மெட்டாடேட்டாவுக்குப் போகும். நடுவில் சுவிட்ச் இல்லாமல் 10 கிகாபிட் கேபிளை நேராகச் செருகுங்கள். நகலெடுக்கும் முறைகளில் புரோட்டோகால் 'சி' மட்டுமே, ஏனென்றால் எதிர்ப்பக்க டிஸ்கிலும் எழுதி முடித்த பிறகுதான் மெயில் ஏற்கப்பட்டதாகப் பதில் போக வேண்டும். முதல் சிங்க்கின் (ஒரு டிஸ்க்கை முழுக்க மற்றதில் நகலெடுப்பதன்) வேகத்துக்கு 'சி-மேக்ஸ்-ரேட்' போடும் வரம்பு இயல்பில் நொடிக்கு 100 எம்பி. அதை உயர்த்தாவிட்டால் கேபிள் எவ்வளவு வேகமானாலும் 4 டெராபைட்டுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் ஆக இருக்கட்டும். மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். இஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபி-க்கு ஒரு ஐனோடு (ஒரு ஃபைலுக்கு ஒன்று தேவைப்படும் பதிவு) மட்டும் ஒதுக்குவதால், சின்னச் சின்ன மெயில்கள் குவிந்தால் இடம் மீதமிருக்கும்போதே ஐனோடு தீர்ந்துவிடும். வால்யூமையே பெரிதாக்காமல் பிறகு கூட்டவும் வழியில்லை.

ஒரு சர்வர் விழுந்தால் வேலையை மற்றதற்கு மாற்றும் பேஸ்மேக்கர் மென்பொருளில் வரிசை: டிஆர்பிடி பிரைமரி (எழுத அனுமதி உள்ள பக்கம்) ஆவது, மவுன்ட், எந்தச் சர்வர் இயங்குகிறதோ அதற்கு மாறும் மிதக்கும் ஐபி, அதன் பிறகே மெயில்பாக்ஸைக் காட்டும் டவ்காட்டும் மெயில் அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும். பலர் விட்டுவிடும் இடம் போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல், அதாவது மெயில் வரிசை காத்திருக்கும் இடம். அதையும் பகிர்ந்த டிஸ்கில் வைக்காவிட்டால், அனுப்பக் காத்திருந்த மெயில்கள் விழுந்த சர்வரிலேயே சிக்கிக்கொள்ளும். மெயில் யூசரின் யுஐடி (பயனர் எண்) இரண்டு சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பூட் ஆகும்போதே தானாக மவுன்ட் செய்யும் எஃப்ஸ்டாப் பட்டியலில் இந்த மவுன்ட் இருக்கவே கூடாது.

உண்மையான ஆபத்து ஸ்பிளிட் பிரெய்ன். நடுக்கேபிள் அறுந்து, இரண்டு சர்வரும் 'நானே பிரைமரி' என்று மெயில் வாங்கத் தொடங்கினால், சேரும்போது ஒரு பக்கத்து மெயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்றாவதாக ஒரு சின்னக் கணினியை, டிஸ்க் இல்லாமல், ஓட்டுக்காக மட்டும் சேர்த்து, 'கோரம்' (எத்தனை ஓட்டு தேவை) அமைப்பை 'மெஜாரிட்டி' (பெரும்பான்மை) என வைத்தால் டிஆர்பிடி 9 இதைத் தடுத்துவிடும். ஃபென்சிங்கும், அதாவது பதில் தராத சர்வரைக் கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடும், வேண்டும். ஐபிஎம்ஐ (சர்வருக்குள்ளேயே இருக்கும் தொலைக்கட்டுப்பாட்டுச் சில்லு) வழி ஃபென்சிங் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சர்வருக்கு மின்சாரமே போனால் ஐபிஎம்ஐ-யும் செத்துவிடும், அணைத்ததற்கு உறுதி கிடைக்காமல் கிளஸ்டர் காத்துக்கொண்டே நிற்கும். அதனால் சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை, ஒவ்வொன்றும் தனி யுபிஎஸ்-இல்.

மீறி நடந்துவிட்டால், மெயிலைத் தூக்கிப் போடவிருக்கும் பக்கத்தில் 'டிஸ்கார்டு-மை-டேட்டா' (என் தரவை விட்டுவிடு) கொடுப்பதற்கு முன் அடியில் உள்ள எல்விஎம் வால்யூமில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நகல்) எடுத்து, படிக்க மட்டும் மவுன்ட் செய்து, புதிய மெயில் ஃபைல்களைத் தனியே நகலெடுங்கள். ஒரு மெயில் ஒரு ஃபைல் என்பதால் இந்த மீட்பு சாத்தியம்.

பெரிய குறை கெர்னல் அப்டேட். லினக்ஸ் கெர்னலோடு வருவது டிஆர்பிடி-யின் பழைய 8.4 மாட்யூல்; 9 தனியாக நிறுவப்படுவது. புதிய கெர்னலுக்கு அது கம்பைல் ஆகாமல் போனால் 8.4 ஏறிக்கொண்டு, 9-இன் மெட்டாடேட்டாவை ஏற்க மறுக்கும். செகண்டரியை (பிரைமரி அல்லாத சர்வரை) முதலில் அப்டேட் செய்து, ரீபூட் ஆனதும் பதிப்பைப் பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகம் உள்ளவர்களுக்கு அங்கேயும் ஒரு டிஆர்பிடி பிரதி வைக்க ஆசை வரும். வேண்டாம். புரோட்டோகால் 'சி' என்றால் டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு முறையும், தகவல் மலைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக்குக் காத்திராத 'ஏ' என்றாலும், அனுப்பக் காத்திருக்கும் பஃபர் நிறைந்ததும் மெயில் திணறும். தவிர, தவறி அழித்த மெயில் அந்த நொடியே அங்கும் அழிந்துவிடும். மலைக்கு டவ்காட்டின் 'பேக்கப்' கட்டளையை எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக மணிக்கொரு முறை ஓட்டி, அந்தப் பக்கம் தினசரி ஸ்னாப்ஷாட் வைத்தால் போதும். கோடை இடியில் லைன் போனாலும், வந்ததும் விட்டதைத் தொடரும்.