இறக்கின பழைய காருக்கு கேம்பர் செட் பண்ணது, 4 வருஷ அனுபவம்

காருக்கு வயசு 20க்கு மேல, சின்ன ஹேட்ச்பேக், முன்னாடி மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த கம்பம்), பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற பீம்). வண்டியோட உயரத்த 35 மில்லிமீட்டர் இறக்குற ஸ்பிரிங் போட்டு 4 வருஷம் ஆச்சு, இதுல 42,000 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், முன் டயர் மட்டும் இப்ப ஓடுறது மூணாவது செட். டயர் உள்பக்கம் தேயுதுன்னாலே எல்லாரும் கேம்பர்தான் (முன்னாடி இருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கிற கோணம்) காரணம்னு சொல்லிடுறாங்க, நானும் அப்படியே நம்பி ரெண்டு செட் டயரைத் தின்னக் கொடுத்தேன், அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

ஸ்பிரிங் போட்டு 9,000 கிலோமீட்டர்ல முதல் செட் போச்சு. வெளிய இருந்து பார்த்தா பட்டன் நல்லா இருக்கு, ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சுட்டு குனிஞ்சு பார்த்தப்பதான் உள்ஓரத்துல கம்பி தெரியுது. அலைன்மென்ட் மெஷின்ல ஏத்தினா லெஃப்ட் மைனஸ் 1 டிகிரி 40 மினிட், ரைட் மைனஸ் 1 டிகிரி 5 மினிட் (60 மினிட் ஒரு டிகிரி, மைனஸ்னா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கு). வண்டியோட ஒரிஜினல் செட்டிங் மைனஸ் அரை டிகிரி பக்கம். இந்த வண்டில முன்னாடி கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட்டே கம்பெனில குடுக்கல, அதனால கேம்பர் போல்ட் வாங்கினேன்.

அது என்னன்னா, ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரம் மாட்டுற பாகம்) சேர்ற எடத்துல ரெண்டு போல்ட் இருக்கும்ல, அதுல மேல இருக்கிறத கழட்டிட்டு நடுவுல ஒரு பக்கமா பருத்த இந்த போல்ட்ட போடணும், அத திருப்புனா நக்கிளோட மேல்பகுதி உள்ளயோ வெளியயோ நகரும். ஒன்றரை டிகிரி வரைக்கும் நகர்த்தலாம். பழைய வண்டின்னா துரு இறுகிப் போயிருக்கும், முந்தின நாளே துரு கழட்டுற ஆயில் அடிச்சு ஊற விடுங்க, அவசரப்பட்டு முறுக்குனா போல்ட் தலை போயிடும்.

ரெண்டு பக்கமும் மைனஸ் 20 மினிட்டுக்கு கொண்டு வந்துட்டேன், சந்தோஷமா ஓட்டினேன். 6,000 கிலோமீட்டர்ல ரெண்டாவது செட்டும் அதே உள்ஓரத்துல போச்சு! காரணம் டோ, அதாவது மேல இருந்து பார்த்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு. கேம்பர மாத்தினா டோவும் கூடவே மாறும், இத நான் யோசிக்கவே இல்ல. என் வண்டில டை ராட் (ஸ்டேரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) சக்கரத்துக்கு பின்பக்கமா வருது, நக்கிள் மேல வெளிய சாயும்போது சக்கரம் வெளிய நகரப் பார்க்குது, ஆனா பின்பக்கத்த டை ராட் புடிச்சு வச்சிருக்கு, அப்ப சக்கரத்தோட முன்பக்கம்தான் வெளிய திரும்பும், அதாவது டோ அவுட். ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசைல போகப் பார்த்துட்டு ரோட்ல தேய்ச்சுக்கிட்டே போகுது, டயர் எப்படி நிக்கும். மைனஸ் ஒன்றரை டிகிரி கேம்பர் இருந்தாலும் டோ சரியா இருந்தா டயர் ஓரளவு தாங்கும், டோ தப்புன்னா கேம்பர் சைபர்ல இருந்தாலும் தாங்காது, இத நான் என் செலவுல கத்துக்கிட்டேன்.

எது தேய்க்குதுன்னு கண்டுபுடிக்க மெஷின் கூட வேணாம், உள்ளங்கையால டயர குறுக்க தடவிப் பாருங்க. உள்ள இருந்து வெளிய தடவும்போது வழவழன்னு போய், வெளிய இருந்து உள்ள தடவும்போது ரம்பப்பல் மாதிரி சுருக்குன்னு ஏறுச்சுன்னா அது டோ. எந்தப் பக்கமா தடவினாலும் வழவழன்னு இருந்து, ஒரு ஓரம் மட்டும் சரிவா தேய்ஞ்சிருந்தா அது கேம்பர்.

அதுக்கப்புறம்தான் ஒரு மெக்கானிக் அண்ணன் வண்டிய தூக்கிப் பார்த்துட்டு, தம்பி முதல்ல லோயர் ஆர்ம் பின்பக்க புஷ்ஷப் பாரு, கிழிஞ்சு தொங்குதுன்னார். சக்கரத்தக் கீழ இருந்து புடிக்கிற கைதான் லோயர் ஆர்ம், அது வண்டியோட சேர்ற எடத்துல இருக்கிற ரப்பர்தான் புஷ். புஷ் கிழிஞ்சிருந்தா நிக்கிற வண்டில ரீடிங் சரியாத்தான் காட்டும், பிரேக் புடிக்கும்போது ஆர்ம் பின்னாடி போய் டோ மாறிடும். ரெண்டு பக்கமும் மாத்தினோம். புது புஷ் போட்டா வண்டிய கீழ எறக்கி சக்கரத்துல வெயிட் நிக்கும்போதுதான் போல்ட்ட ஃபைனல் டைட் பண்ணணும், தொங்குற நிலைல இறுக்குனா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும், இறக்கின வண்டில இன்னும் சீக்கிரம்.

லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் 35 மினிட் வித்தியாசம் ஏன்னும் அவர்தான் புடிச்சார். முதல்ல எடுத்த அலைன்மென்ட் பிரிண்ட்ல எஸ்ஏஐன்னு ஒரு வரி இருந்துச்சு, ஸ்டேரிங் திரும்புற அச்சோட சாய்வு அது. லெஃப்ட்ல கேம்பர் எவ்வளவு மைனஸ் ஜாஸ்தியோ எஸ்ஏஐயும் அதே அளவு ஜாஸ்தி. கேம்பரோட மைனஸையும் கணக்குல வச்சு ரெண்டையும் கூட்டினா ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு வருது. அப்படி வந்தா ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளையல, சப்ஃப்ரேம் (லோயர் ஆர்ம் மாட்டியிருக்கிற சட்டம்) ஒரு பக்கமா நகர்ந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி. கூட்டுத்தொகை மாறுச்சுன்னா ஏதோ வளைஞ்சிருக்கு. கேம்பர் போல்ட்ட பழைய எடத்துக்கு திருப்பிட்டு, சப்ஃப்ரேம் போல்ட்ட லூஸ் பண்ணி நடுவுக்கு நகர்த்தினதுல வித்தியாசம் 5 மினிட்டா குறைஞ்சுது. இத முன்னாடியே பண்ணிருக்கணும்.

இப்ப இருக்கிற செட்டிங் ரெண்டு பக்கமும் மைனஸ் 1 டிகிரி, டோ கிட்டத்தட்ட சைபர், துளி டோ இன் (முன்பக்கம் உள்ள திரும்பினது). ஏன் ஒரிஜினல் அளவுக்கு கொண்டு போகலன்னா, மைனஸ் கேம்பர குறைச்சா டயரோட மேல்பக்கம் வெளிய வருது, நாலு பேர் ஏறி பள்ளத்துல எறங்கினா ஃபெண்டரோட (சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) உதட்டுல உரசுது. இன்னொன்னு, ரொம்ப இறக்கின ஸ்ட்ரட் வண்டில ஆர்ம் ஏற்கனவே படுத்துக் கிடக்கும், வளைவுல அமுங்கும்போது கிடைக்க வேண்டிய கேம்பர் கிடைக்காது, அதனால நிக்கும்போதே கொஞ்சம் மைனஸ் இருந்தாத்தான் வளைவுல டயர் தட்டையா உக்காரும். ஓட்டும்போது அது நல்லாவே தெரியுது.

கேம்பர் போல்ட்ல ஒரு குறை இருக்கு. ஒரிஜினல விட உடம்பு மெலிசு, புடிமானமும் கம்மி. ஒரு தடவ பெரிய குழில விழுந்து ரைட் சைடு 25 மினிட் நகர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் புது நட்டு போட்டு, போல்ட்டோட வந்த பேப்பர்ல சொன்ன டார்க்ல (முறுக்கு அளவு) டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கி, போல்ட் தலைல இருந்து ஸ்ட்ரட் வரைக்கும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், கோடு ஒடிஞ்சா நகர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சுடும்.

வீட்லயே செக் பண்ண டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும். தரை மட்டமா இருக்கணும், காத்து சரியா இருக்கணும், ஸ்டேரிங் நேரா இருக்கணும். ஜாக்கில இருந்து எறக்கினதும் அளக்காதீங்க, முன்ன பின்ன உருட்டி சஸ்பென்ஷன் உக்காந்த பிறகு அளங்க. ரிம்ல ஒரு நேர் பட்டைய செங்குத்தா வச்சு ரீடிங் எடுத்துட்டு, சக்கரத்த அரை சுத்து உருட்டி இன்னொரு ரீடிங் எடுத்து சராசரி பாருங்க, ரிம் கோணலா இருந்தாலும் அந்தப் பிழை கழிஞ்சுடும்.

பின்னாடி எதுவுமே பண்ணல, டார்ஷன் பீம்ல இறக்கினாலும் கேம்பர் பெருசா மாறாது.

மூணாவது செட் 27,000 ஓடிருக்கு. உள்ஓரத்துல 3.5 மில்லிமீட்டர், வெளிய 4. இப்ப ரைட் டை ராட் எண்ட்ல லேசா ஆட்டம் தெரியுது, அடுத்த மாசம் மாத்திட்டு மறுபடியும் டோ செட் பண்ணணும்.