கூரையை எண்ணுவதா, நிலைமையைக் கேட்பதா?

நெல்லைச் சீமையில் எத்தனை வீடுகள் குடியிருக்கத் தகுதியில்லாதவை என்று கணக்கெடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கூரையும் சுவரும் எதனால் ஆனவை என்று பார்ப்பது. பனை ஓலை, மண் சுவர் என்றால் கணக்கில் சேரும். கான்கிரீட் என்றால் சேராது. யார் போய் எண்ணினாலும் விடை மாறாது, வேலையும் சீக்கிரம் முடியும். குடிசைகளை மாற்றும் திட்டங்களுக்கு இது சரி.

கைலாசபுரத்தில் நான் பார்த்த வீடு இந்தக் கணக்கில் வராது. மட்டப்பா, அதாவது கான்கிரீட் தளம், போட்ட வீடுதான். ஆனால் தார்சா என்கிற முன்கூடத்தில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. 2023 டிசம்பர் வெள்ளம் ஏறிய கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டுகிறது.

இரண்டாவது வழி, நிலைமையைக் கேட்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்லது, வசிக்கத்தக்கது, சிதிலமடைந்தது என்று மூன்றாகப் பிரித்தது. வீட்டுக்காரர் சொல்வதுதான் பதில். கைலாசபுரத்து வீட்டில் இருக்கும் ஆச்சியிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குய்யா. மழைன்னா கட்டிலை நகட்டிப் போட்டுக்கிடுவேன்."

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஆனால் கேட்பதோடு நிற்கக் கூடாது. ஒழுகல், ஓதம், விரிசல், கழிப்பறை, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று உள்ளே போய்க் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தால் நெருக்கடி என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் அளவுகோல். நாள் கூடுதலாகும், ஆளும் கூடுதலாக வேண்டும். ஆகட்டும், ஆச்சியின் வீடு அப்போதுதான் கணக்கில் வரும்.