லேடெக்கா, வேர்டா? கைடைப் பார்த்து முடிவெடுங்கள்

என் முதல் ஆய்வுக் கட்டுரையை லேடெக்கில் எழுதினேன் (LaTeX: கட்டளைகளோடு தட்டச்சு செய்தால் பக்கத்தை அதுவே வடிவமைத்து பிடிஎஃப் தரும் மென்பொருள். லேடெக்ஸ் இல்லை, அது கையுறை). இரண்டாவதை வேர்டில். மூன்றாவதும் இப்போது வேர்டில்தான் ஓடுகிறது.

அழகில் லேடெக்தான், பேச்சே இல்லை. காசும் கிடையாது. சமன்பாடு அதிகமென்றால் யோசிக்கவே வேண்டாம். நான் வேதியியல் பக்கம். என் கட்டுரையில் மொத்தம் 4 சமன்பாடு. கணிதம், இயற்பியல்காரர்கள் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

என்னை வேர்டு பக்கம் தள்ளியது திருத்தம்தான். என் கைடுக்கு, அதாவது ஆய்வு வழிகாட்டிக்கு, லேடெக் தெரியாது. பிடிஎஃப்பை அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். 14 பக்கத்துக்கு 14 படம், அதில் மூன்று தலைகீழாக. ஓரத்தில் கிறுக்கியிருப்பது ‘ரீரைட்’டா ‘ரிமூவ்’வா என்று லேபில் நாலு பேரிடம் காட்டிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஏழு சுற்று. லேடெக்கை இணையத்திலேயே எழுத உதவும் ஓவர்லீஃபில், திருத்தங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸ் உண்டே என்பீர்கள். அது காசு கட்டுகிறவர்களுக்கு. வேர்டில் அவரே உள்ளே வந்து திருத்திவிடுகிறார், நான் அக்செப்ட் அழுத்துகிறேன். ரிவிஷனில் மாற்றங்கள் தெரியும் பிரதியையும் ஜர்னல் கேட்கும். அதற்கு வேர்டில் கம்பேர் போதும். லேடெக்கில் இதே வேலையைச் செய்யும் லேடெக்டிஃப் (latexdiff) அட்டவணைக்குள் கை வைத்தாலே முரண்டு பிடிக்கும்.

‘ரிஜெக்ட் ஆகி வேறு ஜர்னலுக்குப் போனால், லேடெக்கில் கிளாஸ் ஃபைலை (வடிவமைப்பைத் தீர்மானிக்கும் கோப்பு) மாற்றினால் போதும்’ என்பார்கள். பாதி உண்மை. எல்செவியர் பதிப்பகத்தின் கிளாஸான எல்ஸ்ஆர்ட்டிகிளிலிருந்து ஐஇஇஇ ஜர்னல்களின் ஐஇஇஇடிரானுக்குப் போகும்போது ஆசிரியர் பெயர், முகவரி எல்லாம் கையால் மாற்ற வேண்டியிருந்தது. வேர்டில் ஸோட்டெரோ (ரெஃபரன்ஸ்களைச் சேமித்துச் செருகும் மென்பொருள்) இருந்தால் ஸ்டைலை மாற்றியதும் எண் போட்ட ரெஃபரன்ஸ் எல்லாம் பெயர்-ஆண்டு முறைக்கு வந்துவிடும். எல்செவியரின் பல ஜர்னல்கள் முதல் சமர்ப்பிப்பில் ஃபார்மேட்டே பார்ப்பதில்லை. ரெஃபரன்ஸ் ஒரே சீராக இருந்தால் சரி.

வேர்டிடம் இரண்டு அடி வாங்கியிருக்கிறேன். கூட்டு ஆசிரியர் ஒருவர் கோப்பைக் கூகுள் டாக்ஸில் திறந்து திருத்தி அனுப்பினார். 47 ரெஃபரன்ஸும் வெறும் எழுத்தாகிவிட்டன. ஒவ்வொன்றாக மறுபடி செருகினேன். இன்னொன்று படம். வேர்டு சேமிக்கும்போது சத்தமில்லாமல் படத்தைச் சுருக்கும். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் ஸ்கேல் பார் எழுத்து மங்கியபோதுதான் கவனித்தேன். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ‘டு நாட் கம்ப்ரஸ்’ஸை டிக் செய்யுங்கள். இறுதிப் படங்களை 300 டிபிஐக்குக் குறையாத டிஃப் (TIFF) கோப்புகளாகத் தனியே ஏற்றுங்கள். கோட்டு வரைபடத்துக்கு 1000, அதற்கு மேலும்கூடக் கேட்பார்கள்.

தீசிஸ் கதை வேறு. 200 பக்கம் தாண்டினால் வேர்டை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. லேடெக்கைத்தான் மறுபடி தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன். கைடிடம் இன்னும் சொல்லவில்லை.