200 ஏஎச் என்று விற்றது 84 ஏஎச்: வேனுக்கு லித்தியம் பேட்டரி வாங்குகிறவர்கள் படியுங்கள்

58,000 ரூபாய். நேற்று இரவுதான் பேட்டரியைப் பிரித்துப் பார்த்தோம். ஆத்திரம் அடங்கவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ் என்று இரண்டு வருடமாகக் கட்டிய வண்டி எங்களுடையது. முதலில் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரிதான் இருந்தது, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஈய பேட்டரி. எடை 50 கிலோவுக்கு மேல். சார்ஜில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுளும் குறையும். சரி, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறலாம் என்று ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் தேடினேன்.

விற்றவர் வீடியோ காலில் வந்தார். பேட்டரிக்குள் போகும் நான்கு பெரிய சதுர செல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்துக் காட்டினார். டெஸ்டர் திரையில் 203 ஏஎச் என்று ஓடியது. "எங்கப்பா வண்டிக்கும் இதேதாண்ணா போட்டிருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். தளத்தில் 64,000, நேராக யுபிஐயில் அனுப்பினால் 58,000 என்றார். பில் பின்னால் வரும் என்றார். அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்த அன்று பெட்டியை ஒரு கையால் தூக்கினேன். ஏதோ உறுத்தியது, உடனே கூப்பிட்டேன். "லித்தியம்னாலே வெயிட் இருக்காதுண்ணா, அதுக்குத்தானே மாத்துறீங்க?" நியாயமாகத்தான் பட்டது. டியூபுலரை நான்கு பேர் சேர்ந்து இறக்கிய நினைப்பில், லேசாக இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொண்டேன். தராசில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 200 ஏஎச்சுக்கு செல்கள் மட்டுமே சுமார் 16 கிலோ வரும். இது பெட்டியோடு சேர்த்து 11 கிலோ.

முதல் பயணம் ராமேஸ்வரம். மாலை 5 மணிக்கு முழு சார்ஜில் நிறுத்தினோம். ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து 8 ஆம்பியர்தான் ஓடியது. மறுநாள் மாலை வரை தாராளமாக வர வேண்டும். விடியற்காலை மூன்றரைக்கு எல்லாம் அணைந்தது. ஃபிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின். அந்தப் புழுக்கத்தில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியதும் கூப்பிட்டேன். "ஆல்டர்னேட்டர் சரியா ஏத்தியிருக்காதுண்ணா" என்று, வண்டி இன்ஜினில் கரண்ட் எடுக்கும் கருவி மேல் பழி போட்டார். வீட்டு கரண்டில் 14.4 வோல்ட் வரை ஏற்றி, எவ்வளவு கரண்ட் வெளியே போகிறது என்று கணக்கிடும் ஷன்ட் மீட்டர் மாட்டி, பிஎம்எஸ் (பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட்) தானாக வெட்டும் வரை சார்ஜை இறக்கினேன். 84 ஏஎச். படம் எடுத்து அனுப்பினேன். "உங்க மீட்டர் தப்பா இருக்கும்." இன்னொரு மீட்டரில் பார்த்தேன், அதே 84. "சர்வீஸ் டீம் கூப்பிடுவாங்க." பதினொரு நாள் யாரும் கூப்பிடவில்லை. கடைசியில், "வண்டியில மாட்டினா வாரண்டி இல்லைங்க." வண்டிக்கென்று கேட்டுத்தான் வாங்கினேன்! அண்ணா என்ற பேச்சும் அதோடு போய்விட்டது. அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தளத்தில் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள். 58,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

அதனால்தான் தெரிந்த பேட்டரி மெக்கானிக்கை வைத்துத் திறந்தோம். வீடியோவில் பார்த்த சதுர செல் ஒன்றுகூட இல்லை. அறுபது உருளை செல்கள், பல செல்களின் தலையில் பழைய நிக்கல் பட்டையைப் பிய்த்த வெல்டிங் தழும்பு. வேறு எதிலோ உழைத்துக் கழித்துப்போட்டவை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. எடை போடுங்கள். திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் ஷன்ட் மீட்டர் வைத்து ஒருமுறை முழுக்க இறக்கிப் பாருங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இன்னொன்று, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி டிசி சார்ஜர் தேவையில்லை, ஆல்டர்னேட்டரில் நேராகக் கொடுங்கள் என்றும் இதே ஆள்தான் சொன்னார். செய்யாதீர்கள். லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும். நல்லவேளை, அதை மட்டும் நான் கேட்கவில்லை.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். யுபிஐ ரசீதும் வீடியோ கால் வந்த தேதியும்தான் என் கையில் இருக்கின்றன.