சக்கரச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட பட்டறை

எட்டு ஆண்டுகள் ஓடிய எங்கள் ஸ்விஃப்ட் கார், மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் முன்பக்கத்தில் வண்டு ரீங்கரிப்பது போல இரையத் தொடங்கியது. முதலில் சென்ற பெரிய சர்வீஸ் நிலையத்தில், வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே நான்கு டயர்களையும் மாற்றச் சொன்னார்கள்.

மனம் ஒப்பாமல் கோவை கணபதியில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, வலப்புறம் வளையும்போது சத்தம் கூடுவதையும் இடப்புறம் வளையும்போது அடங்குவதையும் கவனித்தார். வலப்புறம் திரும்புகையில் பாரம் இடது சக்கரத்தின் மீது இறங்குவதால், இடது முன்சக்கரம் உராய்வின்றிச் சுழல உதவும் பேரிங்கின் மீதே தமக்குச் சந்தேகம் என்றார். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து நகர்த்தியபோது 'டக் டக்' ஓசை எழாததால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்பான ஆக்சில் ஜாயின்ட்டில் பழுது இருக்க வாய்ப்பில்லை என்று ஒதுக்கினார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுழற்றியபடி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மீது என் கையை வைக்கச் சொன்னார்; மணலை அரைப்பது போன்ற அதிர்வு விரல்நுனியில் தெளிவாகத் தெரிந்தது. வலது சக்கரத்தில் அது இல்லை.

பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் அங்கே இல்லாததால், சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பை வெளியே அனுப்பி வாங்க மாலை வரை காத்திருக்க நேர்ந்தது. உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்காமலேயே என்னிடம் கொடுத்தார்கள். வண்டியில் இப்போது டயர் உருளும் ஓசை மட்டுமே கேட்கிறது.